பவர்டாப்: அளப்பதில் கெட்டிக்காரன், திருத்துவதில் அவசரக்காரன்

லினக்ஸ் லேப்டாப்பில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று யார் கேட்டாலும் முதலில் வரும் பதில், “பவர்டாப் நிறுவி ஆட்டோ-டியூன் கொடு” என்பதுதான். அந்தப் பதிலில் முதல் பாதி சரி. மின்செலவை அளக்கும் கருவியான பவர்டாப்பை நிறுவத்தான் வேண்டும். ஆனால் எல்லா மின் சேமிப்பு அமைப்புகளையும் ஒரே அடியில் மாற்றிவிடும் ஆட்டோ-டியூன் என்பது அந்தக் கருவியின் மிகப் பலவீனமான பகுதி. அதன் உண்மையான பலம் வேறோரிடத்தில் இருக்கிறது: சும்மா இருக்க வேண்டிய பிராசசரை எந்த டைமர், எந்த புரோகிராம், எந்த இன்டரப்ட் (ஹார்டுவேர் அனுப்பும் குறுக்கீடு) நொடிக்கு எத்தனை முறை எழுப்பிவிடுகிறது என்று பெயர் சொல்லிக் காட்டுவதில்.

2007-ல் இன்டெல் நிறுவனத்தில் அர்யன் வான் டெ வென் இதை வெளியிட்டார். அந்த ஆண்டு வந்ததற்குக் காரணம் உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான 2.6.21 கர்னலில்தான் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) டிக் இல்லாத ஓய்வு முதன்முதலாக 32-பிட் எக்ஸ்86-க்கு வந்தது, 64-பிட்டுக்கு 2.6.24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் கர்னல் தன் கடிகார டிக்கை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நொடிக்கு 100, 250 அல்லது 1000 முறை அடித்துக்கொண்டே இருக்கும். கர்னலே 1000 முறை எழுப்பும்போது ஒரு பிரவுசர் 40 முறை எழுப்புவதைக் கண்டுபிடித்து என்ன பயன்? கர்னல் அடங்கிய பிறகுதான் மற்றவர்களின் சத்தம் கேட்டது. பவர்டாப் அதைப் பட்டியலிட்டதும், தேவையில்லாமல் டைமர் வைத்திருந்த புரோகிராம்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. இந்தக் கருவி செய்த மிகப் பெரிய வேலை அதுதான் என்பேன்.

இப்போது பல லினக்ஸ் விநியோகங்களில் கிடைப்பது 2.15 பதிப்பு. ரூட் அனுமதி வேண்டும். கர்னலில் பெர்ஃப் நிகழ்வுகளும் டிரேஸ்பாயின்ட்களும் (கர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் வசதிகள்) இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். பொதுவான விநியோக கர்னல்களில் இவை இருக்கும், நீங்களே தொகுத்த கர்னலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் கணினிக்குள் ஓட்டினால் டைமர் பட்டியல் ஓரளவு வரும், ஆனால் தூக்க நிலைகளின் கணக்கு பெரும்பாலும் வெறுமையாகவோ பொருளற்றதாகவோ இருக்கும். அங்கே இதை ஓட்டுவது வீண்.

விழிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்

பிராசசர் ஓய்வில் இருக்கும்போது பல ஆழங்களில் தூங்கும். ஒவ்வோர் ஆழத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: எழுந்திருக்க ஆகும் நேரம், லாபம் கிடைக்கக் குறைந்தது எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்ற அளவு. கர்னலின் இன்டெல்-ஐடில் டிரைவரில் ஸ்கைலேக் லேப்டாப் பிராசசர்களுக்கு எழுதியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். சி எண் கூடக் கூடத் தூக்கம் ஆழமாகும்: சி6 நிலைக்கு எழும் நேரம் 85 மைக்ரோ நொடி, குறைந்தபட்சத் தூக்கம் 200 மைக்ரோ நொடி. சி8-க்கு 200-ம் 800-ம். சி10-க்கு 890 மைக்ரோ நொடியும் 5000 மைக்ரோ நொடியும். அதாவது, 5 மில்லி நொடி தொடர்ந்து தூங்க வழி இருந்தால்தான் சி10-க்குப் போவதில் அர்த்தம் உண்டு.

இப்போது கணக்கைப் போடுங்கள். பிராசசரின் ஒரு கோரை (தனித்து இயங்கும் ஒரு கூறு) நொடிக்கு 250 முறை சீராக எழுப்பும் ஒரு டைமர் இருந்தால், இடைவெளி 4 மில்லி நொடி. சி10 அந்தக் கோருக்குக் கிடைக்கவே கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. பிராசசர் பொதி (எல்லாக் கோர்களும் சேர்ந்த சில்லு) முழுவதும் ஆழமாகத் தூங்க வேண்டுமென்றால் எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டும். 4 கோர்கள் தலா 100 முறை, ஆளுக்கொரு நேரத்தில் விழித்தால், பொதியின் கணக்கில் அது 400 விழிப்பு. சராசரி இடைவெளி 2.5 மில்லி நொடி. ஒவ்வொரு கோரும் தனித்தனியே பார்த்தால் 10 மில்லி நொடி தூங்குகிறது, ஆனால் பொதிக்கு ஆழ்ந்த தூக்கம் அரிது. அதே 400 விழிப்பும் ஒன்றுசேர்ந்து நொடிக்கு 100 தருணங்களில் நடந்தால் பொதிக்கும் 10 மில்லி நொடி கிடைக்கும். டைமர்களை ஒன்றுசேர்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

எந்த ஆழத்துக்குப் போவது என்று கர்னல் எப்படி முடிவு செய்கிறது? அடுத்த டைமர் எப்போது என்று அதற்குத் திட்டவட்டமாகத் தெரியும். நெட்வொர்க் பாக்கெட் எப்போது வரும், யார் எப்போது விசையைத் தட்டுவார்கள் என்பது தெரியாது. ஆகவே மெனு என்ற கவர்னர் (முடிவெடுக்கும் கர்னல் பகுதி) அடுத்த டைமர் வரையிலான நேரத்தை எடுத்து, கடந்த 8 ஓய்வு இடைவெளிகளில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்றும் பார்த்து, அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறது. 5.1 கர்னலில் வந்த டியோ கவர்னர் டைமரை முதன்மையாக நம்பி நடக்கிறது. 4.17-க்கு முன் டிக்கை நிறுத்திவிட்டுத்தான் கவர்னரைக் கேட்பார்கள். அதன் பிறகு கவர்னர் சொல்வதைக் கேட்டு டிக்கை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவாகிறது. குட்டித் தூக்கத்துக்கு டிக்கை நிறுத்தி மறுபடி தொடங்கும் வீண் செலவு அதனால் மிச்சமானது.

முதல் தாவல்: எந்த நெடுவரிசையைப் படிப்பது

பவர்டாப்பைத் திறந்ததும் வரும் ஓவர்வியூ தாவலில், ஒவ்வொரு வரிக்கும் யூசேஜ் என்றொரு நெடுவரிசை, ஈவென்ட்ஸ் என்றொரு நெடுவரிசை. பெரும்பாலானோர் யூசேஜைப் பார்த்து, அங்கே மேலே நிற்பவனைக் குற்றவாளியாக்குகிறார்கள். நொடிக்கு 5 மில்லி நொடி ஓடி 2 முறை மட்டும் விழிக்கும் புரோகிராமைவிட, நொடிக்கு 200 மைக்ரோ நொடி மட்டும் ஓடி 100 முறை விழிக்கும் புரோகிராம்தான் பேட்டரிக்கு எதிரி. டாப் போன்ற கருவிகளில் இந்த இரண்டாமவன் 0.0% என்று காட்டி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பான். அவனைப் பிடிக்கத்தான் பவர்டாப். எனவே ஈவென்ட்ஸ் நெடுவரிசையைப் படியுங்கள். திரையில் வரும் வரிசை எப்போதும் விழிப்பின்படி அமைவதில்லை என்பதால், சிஎஸ்வி அறிக்கை எடுத்து நீங்களே வரிசைப்படுத்துவது நல்லது.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதல் திரையை நம்பாதீர்கள்; கருவி தொடங்கும்போதே அது பல கோப்புகளைத் திறந்து, டிரேஸ்பாயின்ட்களை இயக்கி, தானே இரைச்சலை உண்டாக்கியிருக்கும். சாளர டெர்மினலில் ஊடாடும் வடிவில் ஓட்டினால், திரை வரையும் வேலையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஹெச்டிஎம்எல் அல்லது சிஎஸ்வி தெரிவைக் கொடுத்து, டைம் தெரிவில் 60 நொடி வைத்து, விசைப்பலகையையும் மவுஸையும் தொடாமல் விடுங்கள். இயல்பாக அறிக்கை 20 நொடிக்கே எடுக்கப்படும். அதற்குள் 30 நொடிக்கு ஒருமுறை விழிக்கும் சேவைகள் தப்பிவிடும். பேட்டரியில் ஓடும்போது ஒன்று, மின் இணைப்பில் ஓடும்போது ஒன்று என இரண்டு அறிக்கை எடுத்து ஒப்பிடுங்கள். பல மேசைச் சூழல்கள் இரண்டிலும் வேறு வேறாக நடந்துகொள்கின்றன.

பட்டியலில் அடிக்கடி தலைகாட்டும் ஆட்கள் இவர்கள். டிக்-ஷெட்-டைமர் என்பது கர்னலின் சொந்த டிக். பிராசசர் உண்மையிலேயே வேலையில் இருந்தால் அது வருவது இயல்பு, ஓய்விலும் நூற்றுக்கணக்கில் வந்தால் வேறு யாரோ அடிக்கடி குட்டி வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். ஹெச்ஆர்டைமர்-வேக்அப் என்பது நேனோஸ்லீப், போல், ஃபியூடெக்ஸ் போன்ற அழைப்புகளில் நேரக்கெடு வைத்துத் தூங்கிய புரோகிராம்களை எழுப்பும் பொதுவான செயல்கூறு; அது குற்றவாளியின் பெயரல்ல, அவன் நுழைந்த வாசல். கேவொர்க் என்று வருபவை கர்னல் டிரைவர்கள் தள்ளிவைத்த வேலைகள். டைமர் என்ற வகையில் வரும் கிளாக்சோர்ஸ்-வாட்ச்டாக் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கேதான் பவர்டாப்பின் முதல் பெரிய குறை. ஹெச்ஆர்டைமர்-வேக்அப் 180 என்று காட்டினால், அந்த 180-ஐ வைத்தது யார் யார் என்று அந்த வரியிலேயே பிரித்துக் காட்டாது. பழைய முதல் தலைமுறைப் பவர்டாப், புராக் கோப்பகத்தில் இருந்த டைமர்-ஸ்டாட்ஸ் கோப்பைப் படித்து, டைமரை வைத்த புரோகிராமின் பெயரையும் கர்னல் செயல்கூற்றையும் சேர்த்தே காட்டியது. அந்தக் கோப்பு ஒரு கன்டெய்னருக்குள்ளிருந்து வெளியே ஓடும் புரோகிராம்களின் விவரத்தைக் கசியவிட்டதால் 4.11 கர்னலில் நீக்கப்பட்டது. இரண்டாம் தலைமுறை அதற்கு முன்பே டிரேஸ்பாயின்ட்களுக்கு மாறிவிட்டதால் கருவி உடையவில்லை. ஆனால் பழைய தெளிவு இல்லை.

இதற்கு மாற்று வழி, கர்னல் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் பெர்ஃப் கருவி. பெர்ஃப் ரெக்கார்ட் கட்டளையில் டைமர் குழுவின் ஹெச்ஆர்டைமர்-ஸ்டார்ட் நிகழ்வை எல்லா கோர்களிலும் 10 நொடி பதிவு செய்து, பெர்ஃப் ஸ்கிரிப்ட்டில் படியுங்கள். டைமர் வெடிக்கும் கணத்தில் பிராசசர் ஓய்வில் இருந்திருக்கும், அதனால் எக்ஸ்பயர் நிகழ்வில் பெயர் பயன்படாது. டைமரை வைக்கும் கணத்தில் அந்தப் புரோகிராமே ஓடிக்கொண்டிருக்கும், அதனால் ஸ்டார்ட் நிகழ்வில் அதன் பெயர் அப்படியே கிடைக்கும். டிரேஸ்பாயின்ட் பக்கமே போக விருப்பமில்லாதவர்கள், புராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் கோப்பில் எல்ஓசி என்ற வரியை 10 நொடி இடைவெளியில் இரண்டு முறை படித்துக் கழித்தாலே ஒவ்வொரு கோருக்கும் எத்தனை டைமர் இன்டரப்ட் வந்தது என்று தெரிந்துவிடும். பவர்டாப் காட்டும் எண் சரியா என்று சரிபார்க்கவும் இதுவே எளிய வழி.

குற்றவாளி கிடைத்த பிறகு என்ன செய்வது

இதைப் பவர்டாப் சொல்லித் தராது. நொடி காட்டும் பேனல் கடிகாரம், ஒவ்வொரு நொடியும் புதுப்பிக்கும் கணினிக் கண்காணிப்புச் சின்னம், டெர்மினலில் மினுக்கும் கர்சர் போன்றவற்றை அமைப்பில் நிறுத்திவிடலாம். பின்னணியில் ஓடும் சேவைதான் சிக்கல் என்றால், டைமர் ஸ்லாக் என்ற ஒன்றைப் பயன்படுத்தலாம். சாதாரண திரெட் (புரோகிராமின் ஓர் இழை) ஒன்று “10 மில்லி நொடியில் எழுப்பு” என்று கேட்டால், கர்னல் 50 மைக்ரோ நொடி வரை தாமதித்து எழுப்ப உரிமை வைத்திருக்கிறது. அதற்குள் வேறு டைமர் வந்தால் இரண்டையும் ஒரே விழிப்பில் முடித்துவிடும். 50 மைக்ரோ நொடி என்பது மிகச் சிறிய சலுகை. அதை 50 மில்லி நொடியாக்கினால் ஒன்றுசேரும் வாய்ப்பு வெகுவாக உயரும். சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிப்பது) சேவையாக இருந்தால் அலகுக் கோப்பில் டைமர்ஸ்லாக்என்செக் என்ற அமைப்பு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு, 4.6 கர்னலிலிருந்து, புராக் கோப்பகத்தில் அதன் எண்ணுக்குக் கீழே டைமர்ஸ்லாக்-என்எஸ் என்ற கோப்பில் 50000000 என்று எழுதினால் போதும். நேனோ நொடியில் எழுத வேண்டும் என்பதை மறந்தால் எந்தப் பயனும் கிடைக்காது. அந்தக் கோப்பு ஒரு திரெட்டுக்கானது. அதன் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் புதிய மதிப்பு போகும், ஏற்கெனவே பிறந்த திரெட்டுகளுக்குப் போகாது. ரியல்-டைம் முன்னுரிமையில் ஓடும் திரெட்டுகளுக்கு ஸ்லாக் என்பதே இல்லை. ஆடியோ சேவை ரியல்-டைமில் ஓடினால் இந்த வித்தை அங்கே செல்லாது.

சிஸ்டம்டி டைமர் அலகுகளில் அக்யூரசிசெக் என்பதன் இயல்பு மதிப்பு 1 நிமிடம். இதைப் பார்த்து “என் வேலை சரியான நேரத்துக்கு ஓடவில்லை” என்று 1 நொடிக்குக் குறைப்பவர்கள் உண்டு. காப்பு எடுக்கும் வேலைக்கு நொடித் துல்லியம் எதற்கு? அந்த 1 நிமிடம் வேண்டுமென்றே வைத்த சலுகை.

நீங்களே புரோகிராம் எழுதுபவர் என்றால், 10 மில்லி நொடிக்கு ஒருமுறை தூங்கி எழுந்து “வந்துவிட்டதா” என்று பார்க்கும் சுழலை எடுத்துவிட்டு, ஈபோல் அழைப்பில் காலவரையின்றிக் காத்திருங்கள். ஜீலிப் நூலகத்தைப் பயன்படுத்தினால் மில்லி நொடி டைமருக்குப் பதில் நொடி டைமரைக் கேளுங்கள். அது பல புரோகிராம்களின் டைமர்களையும் ஒரே தருணத்துக்கு இழுத்துச் சேர்க்கிறது.

கர்னலும் தன் பங்குக்குச் சலுகை எடுத்துக்கொள்கிறது. 4.8-ல் மாற்றி எழுதப்பட்ட டைமர் சக்கரத்தில், நொடிக்கு 1000 டிக் உள்ள கர்னலில், 63 மில்லி நொடி வரையிலான டைமர்களுக்கு 1 மில்லி நொடித் துல்லியம். 64 முதல் 511 வரை 8 மில்லி நொடி. 4 நொடிக்கு மேல் போனால் 512 மில்லி நொடியோ அதற்கு மேலோ. நெட்வொர்க் நேரக்கெடு போன்றவை பெரும்பாலும் வெடிக்காமல் ரத்தாகிவிடுபவை என்பதால் அவற்றுக்குத் துல்லியம் தேவையில்லை என்ற நியாயத்தில் இப்படி. 6.9-ல் இன்னொரு முன்னேற்றம்: தூங்கும் கோரின் டைமர்களை விழித்திருக்கும் கோர் தானாக எடுத்துச் செய்யும் முறை. பழைய கர்னலிலேயே தங்கியிருப்பவர்களுக்குப் பவர்டாப் எவ்வளவு டியூன் செய்தாலும் இவை கிடைக்காது.

அதிர்வெண் தாவல்: காலம் கடந்தது

ஃப்ரீக்வன்சி ஸ்டாட்ஸ் என்ற தாவலைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. அந்தக் காலத்தில் ஆன்-டிமாண்ட் என்ற அதிர்வெண் கவர்னர் தனக்கென ஒரு டைமர் வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் சுமையை அளந்து, அதிர்வெண்ணை மாற்றச் சொல்லும். அந்த டைமரும் ஓய்வில் இருக்கும் கோரை எழுப்பக் கூடாது என்பதற்காக, தள்ளிப்போடத்தக்க டைமராக வைத்திருந்தார்கள். 4.6-ல் கவர்னர்கள் அந்த டைமரை விட்டுவிட்டு ஷெட்யூலரின் (எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிப்பது) கணக்கிலேயே தொற்றிக்கொண்டன. 4.7-ல் ஷெட்யூட்டில் கவர்னர் வந்தது: ஷெட்யூலர் சொல்லும் சுமை விகிதத்தை உச்ச அதிர்வெண்ணால் பெருக்கி, அதன் மேல் 25% கூட்டிக் கேட்கும். சுமை 80% தொட்டால் உச்ச வேகம். ஸ்கைலேக் முதல் வந்த இன்டெல் பிராசசர்களிலும், 6.5-க்குப் பின் புதிய ரைசன்களிலும், கர்னல் ஒரு விருப்பக் குறிப்பை மட்டும் கொடுத்துவிட்டு அதிர்வெண் தேர்வை ஹார்டுவேரிடமே விட்டுவிடுகிறது. பல புதிய கணினிகளில் அந்தத் தாவலில் ஐடில், ஆக்சுவல் என்று இரண்டே வரிகள் மிஞ்சுவது அதனால்தான். பவர்டாப் பழுதல்ல, அது எண்ணிப் பழகிய படிகள் இப்போது இல்லை.

அதிர்வெண்ணைப் பார்க்க டர்போஸ்டாட்தான் சரியான கருவி. கர்னல் மூலத்தோடே வருகிறது, லென் பிரவுன் எழுதியது. பிஸி% என்பது கோர் விழித்திருந்த பங்கு. பிஸி-மெகாஹெர்ட்ஸ் என்பது விழித்திருந்தபோது மட்டும் ஓடிய வேகம். ஆவரேஜ்-மெகாஹெர்ட்ஸ் இரண்டின் பெருக்கல். ஓய்வில் பிஸி-மெகாஹெர்ட்ஸ் 2800 என்று காட்டியதும் பதறி அதிர்வெண்ணைப் பூட்ட ஓடாதீர்கள், பிஸி% 0.8 என்றால் சராசரி 22 மெகாஹெர்ட்ஸ்தான். வேகமாக முடித்துவிட்டுத் தூங்கப் போகிறது, அவ்வளவே.

மின்செலவு அதிர்வெண்ணோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். டர்போ எல்லையில் மின்னழுத்தம் செங்குத்தாக உயர்வதால் அங்கே குறைத்தால் லாபம் உண்டு. கீழ் எல்லையிலோ மின்னழுத்தம் அதற்கு மேல் குறையாது. அங்கே அதிர்வெண்ணை மட்டும் குறைத்தால் வேலை நீண்டு, நினைவகக் கட்டுப்பாட்டகமும் பொதியின் மற்ற பாகங்களும் அவ்வளவு நேரம் விழித்திருக்கும். குறைந்த வேகத்தில் பூட்டிய லேப்டாப் சில வேலைகளில் அதிக பேட்டரி தின்பதற்கு இதுதான் காரணம்.

பெயர்க் குழப்பம் ஒன்று பலரைக் கவிழ்க்கிறது. இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் முறையில் இருக்கும்போது பவர்சேவ் என்ற கவர்னர், பெயருக்கு மாறாக, சுமைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும். அதுவே இயல்பான தேர்வு. ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் டிரைவரில் அதே பவர்சேவ் என்றால் ஆகக் குறைந்த வேகத்தில் ஆணியடித்துவிடும். எந்த டிரைவர் என்று ஸ்கேலிங்-டிரைவர் கோப்பில் பார்க்காமல் கவர்னரை மாற்றாதீர்கள். ஆக்டிவ் முறையில் நீங்கள் தொட வேண்டியது எனர்ஜி-பெர்ஃபார்மன்ஸ்-பிரிஃபரன்ஸ் என்ற கோப்பு. பேலன்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்பதிலிருந்து பேலன்ஸ்-பவருக்கு மாற்றுவது பேட்டரியில் நல்ல தொடக்கம். கவர்னர் பெர்ஃபார்மன்ஸ் என்று இருந்தால் அந்தக் கோப்பில் எழுதுவது ஏற்கப்படாது, சாதனம் வேலையாக இருக்கிறது என்று பிழை வரும். முதலில் கவர்னரை பவர்சேவுக்கு மாற்றுங்கள்.

ஐடில் ஸ்டாட்ஸ் தாவல் இன்னும் உருப்படியாகவே இருக்கிறது. அங்கே கோரின் நெடுவரிசையைவிடப் பொதியின் நெடுவரிசை முக்கியம். கோர்கள் 95% நேரம் ஆழ்தூக்கத்தில், ஆனால் பொதி சி2 அல்லது சி3-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் டைமர்கள் குற்றவாளி அல்ல. ஏதோ ஒரு சாதனம் தடுக்கிறது: சாட்டா (வட்டு) இணைப்பின் மின் சேமிப்பு அணைந்திருக்கலாம், பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின் சேமிப்பான ஏஎஸ்பிஎம் அணைந்திருக்கலாம். டைமர்களை எவ்வளவு அடக்கினாலும் இது சரியாகும்வரை வாட் குறையாது.

வாட் எண்களை என்ன செய்வது

பேட்டரி சொல்லும் டிஸ்சார்ஜ் வீதம் பவர்டாப்பின் உச்சியில் வரும். அது நம்பத்தகுந்தது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் நேரே வரும் மில்லி வாட் மதிப்பீடு அப்படியல்ல. மொத்தச் செலவைப் பல அளவீடுகளில் பார்த்து, எந்தச் செயலுக்கு எவ்வளவு என்று புள்ளியியல் முறையில் பிரித்து ஊகிப்பது அது. கேலிபரேட் தெரிவு கொடுத்தால், பேட்டரியில் திரையை அணைத்தும் ஏற்றியும், சாதனங்களை மாற்றி மாற்றியும் பாடம் கற்றுக்கொள்ளும். பல நிமிடம் ஆகும், நடுவே கணினியைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் இரண்டு ஓட்டங்களில் ஒரே புரோகிராமுக்கு வெவ்வேறு எண் வரும். யார் மேல், யார் கீழ் என்ற தரவரிசைக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள். பொதியின் உண்மைச் செலவு வேண்டுமென்றால் டர்போஸ்டாட்டின் பேக்கேஜ்-வாட் நெடுவரிசை ஹார்டுவேரின் ராப்ல் என்ற மின்செலவுக் கணக்கிலிருந்து வருகிறது. மின்செலவு எண்களிலிருந்து ரகசியங்களை ஊகிக்கும் பிளாட்டிபஸ் தாக்குதல் 2020 நவம்பரில் வெளியான பிறகு அந்தக் கணக்கை ரூட் மட்டுமே படிக்க முடியும்; சாதாரணப் பயனராகப் படிக்கும் பழைய ஸ்கிரிப்ட்கள் வேலை செய்யாமல் போனதற்குக் காரணம் இதுவே.

ஆட்டோ-டியூன்: ஒவ்வொன்றாகப் பார்த்தால்

டியூனபிள்ஸ் தாவல் ஒவ்வோர் அமைப்புக்கும் குட் அல்லது பேட் என்று மதிப்பெண் போடுகிறது. இந்தச் சொற்களே தவறு. மின்சாரத்துக்கு நல்லது என்பதும் உங்களுக்கு நல்லது என்பதும் ஒன்றல்ல. ஆட்டோ-டியூன் எல்லா பேட்களையும் ஒரே அடியில் குட் ஆக்கிவிடுகிறது, விலக்குப் பட்டியல் கேட்பதில்லை.

யுஎஸ்பி ஆட்டோசஸ்பென்ட் முதல் தலைவலி. இயல்பாக 2 நொடி அசையாமல் இருந்தால் சாதனம் தூங்கும். சில மவுஸ்கள் அசைத்தால் எழாது, சொடுக்கினால்தான் எழும். சில விசைப்பலகைகள் முதல் விசையை விழுங்கிவிடும். சாட்டாவில் பழைய பவர்டாப் பதிப்புகள் மின்-பவர் என்ற கடுமையான நிலையை வைத்தன. சில எஸ்எஸ்டிக்களில் அது தரவு இழப்பு வரை கொண்டுபோனது. மெட்-பவர்-வித்-டிப்பம் என்ற நிலை இருக்கும் கர்னலில் அதையே வையுங்கள். ஆடியோ கோடெக் 1 நொடியில் அணைவதால் ஒவ்வோர் ஒலிக்கும் முன்னால் ‘டப்’ என்று கேட்கும். 10 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் தொல்லை தீரும்.

ஆட்டோ-டியூன், நினைவகத்திலிருந்து வட்டுக்கு எழுதும் விஎம் ரைட்பேக்கின் இடைவெளியை 500 சென்டி நொடியிலிருந்து 1500 ஆக்குகிறது. எழுதப்படாத தரவு 30 நொடி வயதானால் வட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. அதைச் சோதிக்கும் இடைவெளி 5 நொடி என்றால் மின்சாரம் போகும்போது ஏறக்குறைய 35 நொடி வேலை போகலாம், 15 என்றால் 45. பேட்டரி உள்ள லேப்டாப்பில் இது நியாயமான பேரம். கோர் உறைந்ததா என்று கண்காணிக்கும் என்எம்ஐ வாட்ச்டாக்கை அணைப்பதில் கிடைப்பது சொற்பம்: அது விழித்திருக்கும் சுழற்சிகளை எண்ணி அடிப்பதால் தூங்கும் கோரை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. கோர் முழுதாக உறைந்தால் பதிவு கிடைக்காது என்பதுதான் விலை. வைஃபை மின் சேமிப்பில் ரேடியோ, அக்சஸ் பாயின்டின் பீக்கன் (இருப்பை அறிவிக்கும் சமிக்ஞை) வரும்வரை தூங்கும். பீக்கன் இடைவெளி பொதுவாக 102.4 மில்லி நொடி. எஸ்எஸ்ஹெச்சில் தட்டச்சு செய்பவருக்கு இந்தத் தயக்கம் உடனே தெரியும்.

சரியான முறை இது. டியூனபிள்ஸ் தாவலில் ஒவ்வொரு வரியாக என்டர் தட்டுங்கள். பவர்டாப் எந்தக் கோப்பில் எதை எழுதியது என்ற கட்டளையைத் திரையில் காட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டிஸ்சார்ஜ் வீதத்தைப் பாருங்கள், அன்றாட வேலையைச் செய்து தொல்லை வருகிறதா என்று பாருங்கள். பயன் தந்தவற்றை மட்டும் யுடெவ் (சாதன அமைப்பு) விதியாகவோ ஸ்கிரிப்டாகவோ எழுதி வையுங்கள். பவர்டாப் செய்யும் எந்த மாற்றமும் மறுதொடக்கத்தில் நிலைக்காது. இது குறையாகச் சொல்லப்படுவது உண்டு, ஆனால் தவறான மாற்றத்திலிருந்து மீள இதைவிட எளிய வழி கிடையாது. சில விநியோகங்களில் ஆட்டோ-டியூனைத் தொடக்கத்திலேயே ஓட்டும் சேவை பவர்டாப்போடே வருகிறது. அதை இயக்கி, டிஎல்பி என்ற மின் சேமிப்புக் கருவியையும் நிறுவினால் இரண்டும் ஒரே கோப்புகளில் எழுதும், கடைசியாக எழுதியவர் சொன்னதே நிற்கும். தானாக நடக்க வேண்டும் என்பவர்களுக்கு, விலக்குப் பட்டியல் வைக்க வசதியுள்ள டிஎல்பி-யே மேல்.

சொன்னபடி கிளாக்சோர்ஸ்-வாட்ச்டாக். பிராசசரின் டிஎஸ்சி கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று அரை நொடிக்கு ஒருமுறை வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டைமர் அது; ஒவ்வொரு முறையும் அடுத்த கோருக்குத் தாவும். நொடிக்கு 2 விழிப்புதான், அதைத் தடுக்க டிஎஸ்சி-யை நம்பகமானது என்று பூட் தெரிவில் அறிவிப்பது அநாவசிய ஆபத்து. பிரச்சினை எதிர்ப்பக்கத்தில்தான்: அந்த ஒப்பீட்டில் டிஎஸ்சி தவறினால் கர்னல் ஹெச்பெட் கடிகாரத்துக்கு மாறிவிடும். அதன் பிறகு நேரம் கேட்கும் ஒவ்வோர் அழைப்பும் கர்னலுக்குள் போய் மெதுவான ஹார்டுவேரைப் படிக்க வேண்டும். கணினி காரணமின்றி மந்தமாகி, யூசேஜ் எண்கள் எல்லாம் ஒரேயடியாக ஏறியிருந்தால், கரன்ட்-கிளாக்சோர்ஸ் கோப்பில் டிஎஸ்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பவர்டாப் இதைச் சுட்டிக்காட்டாது.

சர்வரில் ஆட்டோ-டியூனை ஓட்டவே வேண்டாம். தாமதம் குறைய வேண்டிய இடத்தில் ஆழ்தூக்கத்திலிருந்து எழ ஆகும் நேரம் பெரிய தண்டனை. அங்கே பவர்டாப்பை அறிக்கை எடுக்க மட்டும் பயன்படுத்தலாம்: தனியாக ஒதுக்கி, டிக்கை நிறுத்தும் நோஹெர்ட்ஸ்-ஃபுல் தெரிவு கொடுத்த கோர்களில் தெரியாமல் யார் டைமர் வைக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. 4.17-லிருந்து எஞ்சியிருந்த நொடிக்கு ஒரு டிக்கையும் வேறு கோருக்கு மாற்ற வழி வந்துவிட்டதால், அந்தக் கோர்களின் எல்ஓசி எண் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால், அந்தக் கோர் எண்ணை மட்டும் கொடுத்து ஹெச்ஆர்டைமர்-ஸ்டார்ட் நிகழ்வைப் பெர்ஃபில் பதிவு செய்யுங்கள்.